வலக்கைக்கு மூன்று

பகற்பொழுதிலும் அந்த ஆலைக்குள் அந்தி ஒளியே நிறைந்திருக்கும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை அது. உலையிலிருந்து வெளிப்படும் செங்கம்பி தரையில் நெளிந்தோடுகையில் சுவர்களும் முகங்களும் ஒரு கணம் சிவந்து, பின் மங்கும். ஆறாண்டுகளாக அவ்வாலைக்குத் தோல் கையுறை தைத்துக் கொடுத்துவந்த நான், அக்காட்சியை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

அதுவரை வாயிற்புறக் கிடங்கில் மூட்டைகளை இறக்குவேன், பொறுப்பாளரிடம் கையொப்பம் பெறுவேன், திரும்பிவிடுவேன். குறித்த நாளில் தவறாது கொடுப்பதே வாடிக்கையைக் காக்கும் வழி என்று நம்பியிருந்தேன். அன்று காலை அப்பொறுப்பாளர் தொலைபேசியில், "உங்க கிளவுஸ் வேணாம்னு ஆளுங்க சொல்றாங்க சார். அடுத்த மாசத்துலேர்ந்து வேற எடத்துல பாத்துக்கறோம்" என்றார்.

அந்த ஆலை கைவிட்டுப் போனால் என் கொட்டகையில் வெட்டித் தைக்கும் ஐந்து பெண்களுக்கும் வேலை இராது. தோலின் தடிமனுக்குச் சான்று கூறும் தாளொன்றை எடுத்துக்கொண்டு, வாதாடும் எண்ணத்துடன் சென்றேன். பொறுப்பாளர் அதைக் கையில் வாங்கவுமில்லை.

"எங்கிட்ட காட்டி இன்னா சார் பண்றது? மாட்டிக்கினு வேலை செய்றவங்களக் கேளுங்க" என்று உள்ளே அனுப்பிவிட்டார்.

உட்சுவரில் அடித்திருந்த ஆணிகளில் கையுறைகள் வரிசையாகத் தொங்கின. அனற்காற்றில் அவை மெல்ல அசைந்தன. உடல்கள் எங்கோ சென்றுவிட, கைகள் மட்டும் நின்று என்னை அழைப்பதுபோல் தோன்றிற்று. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ அறியேன். நெடுநேரம் கழித்தே புலப்பட்டது: அத்தனையும் இடக்கைக்கு உரியவை. ஒன்றிலும் கருகிய தடமில்லை.

கம்பி பிடிக்கும் குறட்டைக் கீழே வைத்துவிட்டு இளைப்பாற வந்தமர்ந்தார் ஒரு தொழிலாளி. எளாவூரிலிருந்து வருபவர், ஏறத்தாழ என் வயதினர்.

"கிளவுசு குடுக்கறது நீதானா நைனா? எடது கை வேணும்னா ஒரு மூட்டை எடுத்துக்கினு போ. வலதுதான் அனல்கிட்ட போவுது, நாலு நாள்ல வெந்துபூடுது."

"அப்புறம் என்ன பண்ணுவீங்க?"

"புது மூட்டை வர்ற வரைக்கும் எடதத் தூக்கி வலதுல மாட்டிக்குவோம். வேற இன்னா பண்றது?"

உள்ளங்கைக்குத் தோலும் புறங்கைக்குத் துணியும் வைத்துத் தைப்பது எங்கள் முறை. இடக்கை உறையை வலக்கையில் மாட்டினால் துணி உள்ளங்கைக்கு வந்துவிடும். அவர் தம் வலக்கையை விரித்துக் காட்டினார். கொப்புளம் ஆறிய வடுவின் மேலேயே புதிய கொப்புளம் எழுந்திருந்தது. என் சான்றுத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"இத்தனை நாள் என்கிட்ட சொல்லலையே."

"வாசல் கேட்டத் தாண்டி நீ உள்ள வந்தாதானே சொல்றதுக்கு? நீ இன்னா மாப்பிள்ளையா, நாங்க தேடிக்கினு வர்றதுக்கு?"

சுற்றியிருந்தோர் சிரித்தனர். நானும் சிரிக்க முயன்றேன்.

கையுறை என்றால் இணை என்பதை நான் ஒருநாளும் ஐயுற்றதில்லை. இணையாகவே வெட்டினோம், இணையாகவே கட்டினோம். கொட்டகைக்குத் திரும்பி, இனி இடக்கைக்கு ஒன்றும் வலக்கைக்கு மூன்றுமாகக் கட்டுவோம் என்றேன். தையல் பொறியிலிருந்து நிமிராமலே ஒரு பெண், "ஒத்தைச் செருப்பு விக்கற கடைய இப்பதான் சார் பாக்கறேன்" என்றாள். ஆயினும் அன்றே பத்துக் கட்டுகள் ஆயத்தமாயின.

மறுநாள் பொறுப்பாளர் கட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"எங்க ஃபாரத்துல ஜோடின்னுதான் சார் இருக்கு."

"ஒரு வாரம் போட்டுப் பாக்கட்டும். அப்புறம் நீங்க சொல்றதுதான்."

அந்த வாரத்தில் காடு மேடெல்லாம் அலைந்தது என் உள்ளம். கண்ணயரும்போதெல்லாம் ஆணியில் ஆடும் விரல்களே வந்தன. எட்டாம் நாள் பொறுப்பாளரை அழைத்துக்கொண்டு உள்ளே சென்றேன். எளாவூர்க்காரர் உறையைக் கழற்றி, கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். வடு இருந்தது, புதிதாகக் கொப்புளம் ஏதுமில்லை.

"இதையே குடுக்கச் சொல்லு சார். பேஜாரு உட்டுது."

பொறுப்பாளர் அங்கேயே படிவத்தை விரித்து, 'ஜோடி' என்னும் சொல்லை அடித்துவிட்டு, வலது மூன்று, இடது ஒன்று என்று எழுதினார். "மாசத்துக்கு ஒரு தபா உள்ள வந்துட்டுப் போங்க" என்றும் சொன்னார்.

கொட்டகையில் ஐவரும் என் முகத்தையே நோக்கினர். "அடுத்த மாசமும் உண்டு" என்றேன். தோல் வெட்டும் பெண் இடக்கை அச்சைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, வலக்கை அச்சைத் தோலின்மேல் வைத்து வரையத் தொடங்கினாள்.