காலடியால் அளந்த கோட்டை

வெயிலில் காய்ந்த இரும்புத் துருவுக்கு ஒரு வாசம் உண்டு. மட்டக்களப்புக் கோட்டைப் பீரங்கியின் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டெடுத்த அன்று, அந்த வாசம் வீடு வரும்வரை என் விரல்களில் இருந்தது.

1995ஆம் ஆண்டு, பேச்சுவார்த்தையால் துப்பாக்கிகள் ஓய்ந்திருந்த சில மாதங்களில், சாய்ந்தமருதிலிருந்து எங்கள் வகுப்புப் பெண்பிள்ளைகளை சமூகக்கல்வி டீச்சர் பஸ்ஸில் அங்கே கூட்டிப்போனார். மறுநாள் பாடசாலைக் கண்காட்சி. அதற்குக் கோட்டையின் அளவுப்படம் வரைவது என் பொறுப்பு. பெரிய கப்பல்கள் கடலிலேயே நின்றுவிடும், முகத்துவாரம் வழியாக வாவிக்குள் நுழையும் படகுகளை அந்தக் காலத்து டச்சுக்காரர்களான ஒல்லாந்தர் இந்த மதில் மேலிருந்து அடிக்கலாம் என்று டீச்சர் சொன்னதும் எங்களுக்கு நிலைகொள்ளவில்லை.

புகைப்படம் பிடிக்கக் கூடாது என்று வாசலில் நின்ற சிப்பாய் சொன்னார். எண்ணக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நாலு பேர் ஆளுக்கொரு மதிலாக நடந்து காலடிகளை எண்ணிக் கத்த, நான் கொப்பியில் எழுதினேன். பர்வீனின் மதில் நூற்றுப் பன்னிரண்டு. அதற்கு நேர் எதிரே நஸ்லியாவுக்கு நூற்று முப்பது.

“ஒண்ட காலு கோழிக்காலுடி, அதான் கோட்ட நீண்டு போச்சு,” என்றாள் பர்வீன். நஸ்லியா கோபத்தில் மறுபடி நடந்தாள். மறுபடியும் நூற்று முப்பது.

நாலு கொத்தளங்களையும் வரைந்து, பீரங்கிகளுக்குப் புள்ளி வைத்து, குண்டுகள் வாவியில் விழும் இடங்களுக்குச் சிவப்புப் பேனையால் கோடும் இழுத்தேன்.

திரும்பி வரும் வழியில் ‘சென்றி’ என்று நாங்கள் சொல்லும் காவலரணில் எல்லோரையும் இறக்கினார்கள். கொப்பியைப் புரட்டிய சிப்பாய் சிவப்புக் கோடுகளைக் கண்டதும் அதிகாரியைக் கூப்பிட்டார். அண்ணன் முறையில் நாங்கள் ‘காக்கா’ என்று கூப்பிடும் டிரைவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சந்தேகம் வந்தால் முதலில் உள்ளே போகிறவர் வாகனம் ஓட்டி வந்தவர்தான் என்பது எங்களுக்கும் தெரியும். இது ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை, கண்காட்சிக்காக வரைந்தது என்று டீச்சர் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கினார்.

“கோட்டை பழசு டீச்சர். உள்ளுக்கு ஆள் புதுசு,” என்றார் அதிகாரி, தனக்குத் தெரிந்த தமிழில்.

பிறகு, ஒரு மதில் மட்டும் ஏன் நீளம் என்று என்னைக் கேட்டார். நான் வாய் திறக்குமுன் நஸ்லியா கையை உயர்த்தினாள்.

“அது நான் நடந்த, சேர்.”

அவர் அவளுடைய கால்களைப் பார்த்தார். சிரிப்பை அடக்கியதாகத்தான் எனக்குத் தோன்றியது. தாளைக் கிழித்து, என் பெயரையும் வகுப்பையும் அதில் எழுதச் சொல்லி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸைப் போகவிட்டார்.

ஊர் போகும்வரை ஒருத்தியும் பேனையைத் தொடக் கூடாது என்றார் டிரைவர் காக்கா. தொடவில்லை. பின் இருக்கையிலிருந்து பர்வீன் “நூற்றுப் பன்னிரண்டு” என்று தொடங்க, மற்ற மூவரும் தங்கள் மதிலைச் சொல்ல, நாலு எண்களும் பாட்டாகி பஸ்ஸைச் சுற்றின. அடுத்த சென்றியில் பைகளையெல்லாம் கொட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. முழுக் கோட்டையும் எங்கள் வாய்க்குள் வந்துகொண்டிருந்தது! பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் வீட்டில் மறுபடி வரைந்து முடித்தேன், நஸ்லியாவின் நீண்ட மதிலோடு.

அந்தச் சென்றிகள் இப்போது இல்லை. கோட்டைக்குப் போகிறவர்கள் கைபேசியில் படம் எடுத்துத் தள்ளுகிறார்கள். கண்காட்சியில் வைத்த படத்தை எங்கள் வீட்டோடு சுனாமி கொண்டுபோனது. பறிகொடுத்த படம் மட்டும், யாரும் எறியாமல் விட்டிருந்தால், ஏதோ ஓர் இராணுவக் கோப்பில் என் பெயரோடு பத்திரமாக இருக்கும்.