நோன்பில்லாத மாதத்தில் நோன்புக் கஞ்சி

எனக்குச் சமைக்கத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், நோன்புக் கஞ்சி. அதுவும் முந்நூறு பேருக்கு. ரமலான் மாதத்தில் எங்கள் பள்ளிவாசலின் பின்கட்டில் கஞ்சி காய்ச்சும் தொண்டூழியர்களில் நானும் ஒருவன். பதினெட்டு வருஷமாக அண்டா கிண்டுகிறேன். அங்கே எல்லாமே மூட்டைக் கணக்கு, கட்டுக் கணக்கு. இரண்டு பேருக்குக் கஞ்சி வை என்றால் எனக்குக் கை ஓடாது.

போன வருஷம் என் மனைவியின் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. மருத்துவமனையில் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு தெரியப் பத்து நாளாகும் என்றார்கள். வரும் வழியில் அவள் ஒரே ஒரு உத்தரவு போட்டாள்.

"யாருக்கும் சொல்லாதீங்க. மகளுக்குக்கூட. ஒண்ணுமில்லாததுக்கு ஊரைக் கூட்ட வேணாம்."

வீட்டுக்கு வந்ததும் அவள் பாட்டுக்குத் துணி மடிக்க உட்கார்ந்தாள். நான் சிங்கப்பூர் மார்சிலிங்கில் ஒன்பதாவது மாடியில் இருக்கும் எங்கள் மூவறை வீட்டைப் பத்துத் தடவை நீளவாக்கில் அளந்தேன். பதினோராவது தடவை அடுப்படிக்குள் நுழைந்தேன். அலமாரிக்கு மேலே இருந்த பிரியாணிச் சட்டியை இறக்கினேன். சின்ன அளவாக இருக்கட்டும் என்று இரண்டு கிலோ பச்சரிசி போட்டேன்.

கஞ்சி தன் வேலையைக் காட்டியது. சட்டி நிறைந்து, குக்கர் நிறைந்து, மீதிக்குப் புது வாளி ஒன்றைக் கழுவி எடுக்க வேண்டியதாயிற்று. மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"யாருக்குங்க இது? வீட்டுல முதியோர் இல்லம் நடத்துறோமா?"

அப்படித்தான் எங்கள் மாடித் தாழ்வாரத்து வீடுகளுக்கெல்லாம் கஞ்சி போனது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, நோன்பு ஆரம்பித்துவிட்டதா, தனக்கு யாரும் சொல்லவில்லையே என்று மலாயில் பதறினார். சும்மாதான் காய்ச்சினேன் என்றேன். சும்மா யாராவது ஒரு வாளிக் கஞ்சி காய்ச்சுவார்களா என்று அவர் கேட்கவில்லை. ஆனால் புருவம் கேட்டது.

மறுநாள் ஜூரோங்கில் கப்பல் பட்டறை வேலை முடிந்து திரும்பியவன், நேராக அடுப்படிக்குத்தான் போனேன். அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் கறி தீர்ந்துவிட, தேக்கா சந்தைக்குப் போய்க் கொத்துக்கறி கேட்டேன். கறிக்கடைக்காரர் கத்தியை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன பாய், நோன்புக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு லா."

"பழக்கம் விட்டுப் போயிடக்கூடாதில்ல?" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு மட்டமான பொய்யை நான் சொன்னதில்லை.

எங்கள் தாழ்வாரத்தில் டப்பாவை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் கிடையாது. நான் கஞ்சி கொடுக்கக் கொடுக்க, மலாய்க்கார அக்காவிடமிருந்து கறிபாப்பும் குவே பலகாரங்களும் வந்துகொண்டே இருந்தன. கடைசி வீட்டுச் சீன ஆன்ட்டி மட்டும் ஒவ்வொரு முறையும் டப்பாவைப் பளபளவென்று கழுவி, உள்ளே இரண்டு ஆரஞ்சு வைத்துக் கொடுப்பார். அவர் அடுப்பில் பன்றி இறைச்சி வேகும். அதனால் சமைத்த பண்டம் எதையும் எங்களுக்குத் தர மாட்டார். இருபது வருஷமாக ஆரஞ்சுதான். ஆறாம் நாள் எங்கள் வீட்டில் பன்னிரண்டு ஆரஞ்சு இருந்தன. எனக்கோ புளிப்பு ஆகாது.

ஏழாம் நாள் மனைவி கடையிலிருந்து வந்ததும் வராததுமாகக் கைப்பையைச் சோபாவில் எறிந்தாள்.

"லிஃப்டுல பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குறாங்க. உடம்புக்கு என்னன்னு கேக்குறாங்க. நான் யாருக்கும் சொல்லாதீங்கன்னேன். நீங்க வாளி வாளியா ஊத்தி மாடி முழுக்கச் சொல்லிட்டீங்க."

"நான் ஒரு வார்த்தை பேசலயே."

"பேசியிருந்தாத் தேவலாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மனுஷன் தன் வீட்டு அடுப்பில் கஞ்சி காய்ச்சக்கூடாதா என்று கத்தினேன். கத்திவிட்டு, கத்தின வேகத்திலேயே அரிசி கழுவப் போனேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் கடைசி வீட்டுக் கதவைத் தட்டினேன். ஆன்ட்டி டப்பாவை வாங்கிக்கொண்டார். உடனே கதவைச் சாத்தவில்லை.

"அங்கிள், யூ குக் ஃபார் தி ஹோல் பிளாக். யுவர் வைஃப் ஈட் ஆர் நாட்?"

என் மனைவி சாப்பிட்டாளா? இல்லை. அவள் கேட்கவுமில்லை, நான் ஒரு கோப்பை ஊற்றி அவள் முன்னால் வைக்கவுமில்லை. மாடி முழுக்கக் கொடுத்தவனுக்கு அதற்கு மட்டும் தைரியம் வரவில்லை. எங்கள் வீடுகளில் நோன்பில்லாத நாளில் ஒருவருக்குக் கஞ்சி வைத்தால், அவர் படுத்த படுக்கை என்று அர்த்தம். நான் அவளை நோயாளியாக்கத் தயாராக இல்லை. இதையெல்லாம் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? தமிழிலேயே சொல்லத் தெரியாமல்தானே கிண்டிக்கொண்டிருந்தேன்.

ஆன்ட்டி உள்ளே போய் ஒரு பையோடு வந்தார். பைக்குள் ஒரு சின்னச் சட்டி, விலை ஸ்டிக்கரைக்கூடப் பிரிக்கவில்லை. "நியூ. நோ போர்க்," என்றார். "ஸ்மால் ஒன். ஃபார் வைஃப்." அதற்குள்ளும் இரண்டு ஆரஞ்சு இருந்தன.

பத்தாம் நாள் டாக்டர் சொன்னார். கட்டி நல்லதில்லை. ஆனால் சின்னது, ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், அடுத்த வாரம் எடுத்துவிடலாம் என்றார். மனைவி தேதியைக் குறித்துக்கொண்டாள். ரயிலில் திரும்பும்போது டோபி காட் நிலையத்தில் ஏறிய கூட்டத்தில் அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மார்சிலிங் வரும்வரை விடவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டில் அந்தச் சின்னச் சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தேன். ஸ்டிக்கரைச் சுரண்டினேன், வரவில்லை. அரிசி வாளியின் மூடியைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன். பதினெட்டு வருஷ அனுபவசாலிக்கு அளவு தெரியவில்லை.

"ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி?"

அவள் வாசலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு கை."

"யாரு கை?"

அவள் வந்து என்னை இடித்துத் தள்ளிவிட்டு வாளிக்குள் கைவிட்டாள். ஒரு கை அரிசியை அள்ளிச் சட்டியில் போட்டாள். நான் வெந்தயத்தை எடுக்கத் திரும்பும்போது, இன்னொரு கை அள்ளினாள்.

"ஒண்ணுதான்னு சொன்னே?"

"இது உங்களுக்கு. நான் மட்டும் தனியாக் குடிச்சாத்தான் அது நோயாளிக் கஞ்சி."

கஞ்சி வெந்ததும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம். உப்பு குறைச்சல் என்றாள். இத்தனை நாளில் அந்தத் தாழ்வாரத்தில் ஒருவரும் என்னிடம் அதைச் சொல்லவில்லை. குடித்து முடித்துக் கோப்பையை வழித்துவிட்டு, மகளுக்குப் போன் போடச் சொன்னாள்.