அறுபத்திரண்டாவது பிரதி

கோப்பைத் திறக்கும்படி கணினியில் அழுத்திவிட்டு, சசிகலா முறத்தை மடியில் இழுத்துவைத்துப் புளி உடைக்கத் தொடங்குகிறார். ஐந்து வருடத்துக்கு முன் இரண்டு பழம் உடைப்பதற்குள் கோப்பு திறந்துவிடுமாம். இப்போது முறமே காலியாகிவிடுகிறது.

ஜவ்வாது மலையில், வன நிலத்துக்குப் பட்டா கேட்டுக் காத்திருக்கும் மூவாயிரம் குடும்பங்களின் காகிதங்களைப் பாதுகாக்கும் சிறு தொண்டு நிறுவனத்தில் அவருக்கு வேலை. கணினி வேலை முழுவதும் இவர் தலையில். வயது முப்பத்தாறு. மேசைமேல் ஒரு தண்ணீர் பாட்டில்கூட வைக்க விடமாட்டார். யாருடைய கோப்பிலும் ஓர் எல்லைக்கல் மாறினால் போதும், நாற்பது பக்கத்தையும் புதுப் பிரதியாகச் சேமிப்பார். மாறிய பக்கத்தை மட்டும் வைத்தால் என்ன என்று, அலுவலகத்தைப் பார்க்கப் போயிருந்த நான் கேட்டேன். கணினி தெரிந்தவன் என்ற மிதப்பு எனக்கு.

"பழசு மேல கை வைக்க மாட்டேங்க. வேலைக்கு வந்த புதுசுல ஒருவாட்டி வெச்சேன். கோபால்சாமி அண்ணன் நெலம் பூட்ச்சி."

பழைய வரைபடத்தின் மேலேயே புதியதைப் பதிந்துவிட்டாராம். விசாரணையில் காட்டப் பழையது இல்லாமல் போனது. கோபால்சாமி ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் சசிகலாவை இன்னும் அரிக்கிறது.

நான் அங்கிருந்த ஒரு நாள் காலை, பட்டா கேட்டவர்களில் ஒருவரான மாதையன் வந்தார். பிற்பகல் செங்கத்தில் விசாரணை. முதல் வரைபடத்தை அச்சில் காட்டாவிட்டால் அவருடைய இரண்டு ஏக்கர் சாமைக் கொல்லை கைவிட்டுப் போகும். கடிதமே முந்தின நாள்தான் வந்திருந்தது. அவர் கோப்பில் அறுபத்தொரு பிரதிகள். அத்தனையையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கணினி எதையும் காட்டும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பஸ் பத்தரைக்கு, அதை விட்டால் மாலைதான். படம் அனுப்பலாமென்றால் அவரிடம் இருந்தது பொத்தான் போன். எனக்கும் வண்டி இல்லை.

"இன்னாம்மா, வந்துச்சா?"

"தோ வந்துரும். குந்துங்கண்ணா."

இதையே மூன்று முறை பேசினார்கள். ஹாரன் கேட்டதும் மாதையன் துண்டை உதறி எழுந்தார்.

"வுடும்மா. நான் போய்ட்டு வாயால சொல்லிப் பாக்கறேன்."

பஸ் வளைவில் மறைந்த பிறகு கோப்பு திறந்தது. வரைபடம் ஒரு பிசிறில்லாமல் அச்சாகி வந்தது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சசிகலா கோப்பை மூடப்போனார். அச்செடுத்த தேதி அதில் ஏறியிருந்ததால், மாற்றத்தைச் சேமிக்கவா என்று திரை கேட்டது.

விரலின் புளிப் பிசுக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அறுபத்திரண்டாவது பிரதியாகச் சேமித்தார்.