கிராம்பு போட்ட வைன் கிளாஸ்

2023-ஆம் வருடம் ஏப்ரல் மாதம், ஈத் பெருநாள் விடுமுறையோடு இன்னும் சில நாள் லீவு சேர்த்துக்கொண்டு ஆஸ்திரேலியா போயிருந்தோம். அடிலெய்டு நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பரோசா பள்ளத்தாக்கில் நடந்தது இது. நான் எதைச் சொன்னாலும் வருடம், மாதத்தில்தான் ஆரம்பிப்பேன் என்று என் கணவர் கேலி செய்வார். அந்தப் பழக்கத்தின்படி பார்த்தால், இந்தச் சம்பவத்தையும் 2022-லிருந்து சொன்னால்தான் சரியாக வரும்.

அந்த வருடம் ஜனவரியில் எனக்குக் கொரோனா வந்தது. காய்ச்சல் போய்விட்டது. அது போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பு தெரியும், புளிப்பு தெரியும், உறைப்பு நாக்கைச் சுடும். ஆனால் சாம்பாரும் ரசமும் எனக்கு ஒன்றுதான். வரும், வராமலும் போகலாம், பொறுத்திருங்கள் என்றார் டாக்டர். தினமும் எதையாவது முகர்ந்து பழகச் சொன்னார். ஒரு வாரம் முகர்ந்தேன். சுவரை முகர்வது போல இருந்தது. விட்டுவிட்டேன்.

நாங்கள் இருப்பது பர் துபாயில், பழைய கட்டடம் ஒன்றில். பக்கத்திலேயே ஒரு துணி வியாபாரக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கணவருக்கு அபுதாபியைத் தாண்டி ருவைஸில், எண்ணெய் சுத்திகரிக்கும் ப்ளான்டில் வேலை. வெள்ளிக்கிழமை இரவு வந்து ஞாயிறு மாலை திரும்பிவிடுவார். மகள் கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போய்விட்டதால் வார நாட்களில் வீட்டில் நான் மட்டும்தான்.

அந்த நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பக்கத்து அறையில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கதவைத் திறந்து உள்ளே வந்த கணவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"லைட்டைப் போடாத! எதையும் தொடாத! வெளில வா!"

அவரே சிலிண்டரை மூடினார். ஜன்னல்களைத் திறந்தார். பிறகு வராந்தாவுக்கு வந்து உட்கார்ந்தார். "ப்ளான்ட்ல நாங்க எல்லாரும் நெஞ்சுல கேஸ் டிடெக்டர் மாட்டிக்கிட்டுதான் உள்ள போவோம். வீட்ல அது நீதான்னு நினைச்சிருந்தேன்" என்றார்.

மறுநாளே சமையலறைச் சுவரில் கத்துகிற கருவி ஒன்றை மாட்டிவிட்டார். ஆனாலும் அவர் பயம் போகவில்லை. வீட்டு ஒப்பந்தம் அடுத்த செப்டம்பரில் முடிகிறது, அதைப் புதுப்பிக்க வேண்டாம், வேலையை விட்டுவிட்டு ருவைஸுக்கே வந்துவிடு என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் பர் துபாய் என்பது என் சொந்தச் சம்பாத்தியம், என் சிநேகிதிகள், நான் தனியாக நடந்துபோகிற தெருக்கள். மூக்கு போனதோடு அதுவும் போகப்போகிறது என்ற எண்ணத்தோடுதான் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறினேன்.

அடிலெய்டில் என் நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, இருக்கிறாள். வாய்த்துடுக்கு அதிகம், மனசும் பெரிசு. பரோசாவைப் பார்க்காமல் போகக்கூடாது என்று காரில் ஏற்றிவிட்டாள். வழி நெடுகத் திராட்சைத் தோட்டங்கள். அறுவடை முடியும் சமயம். இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறியிருந்தன. பாலைவனத்தைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு அந்த நிறங்கள் கொஞ்சம் அதிகப்படியாகவே தோன்றின.

ஒரு சிறிய வைன் பண்ணை. அவர்களே தயாரிக்கும் வைனைச் சின்னச் சின்ன அளவில் ஊற்றிக்கொடுத்து, அந்த ஊர்ச் சாப்பாட்டையும் கூடவே வைப்பார்களாம். நான் அதுவரை மதுவைத் தொட்டதில்லை. துபாயில் இத்தனை வருடம் இருந்தும் அந்தக் கடைப் பக்கம் போனதில்லை.

"அண்ணி, ஒரே ஒரு சிப். நாளைக்கு ஊர்ல போயி யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்றாள் நாத்தனார்.

"எனக்கு இதுவும் ஒண்ணுதான், குழாய்த் தண்ணியும் ஒண்ணுதான். எதுக்கு வேஸ்ட் பண்ணணும்?" என்றேன்.

"நான் கார் ஓட்டணும், எனக்கு வாசனை மட்டும்தான். ஒங்களுக்கு வாசனை இல்ல, குடிக்கலாம். நம்ம ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு" என்றாள்.

சிரித்துவிட்டேன். அவளிடம் மட்டும்தான் இந்த விஷயத்துக்கு என்னால் சிரிக்க முடிந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் நின்று ஊற்றிக்கொடுத்தவர் ஐம்பது வயதுக்கு மேலிருக்கும் ஒரு பெண்மணி. பண்ணையும் அவர் குடும்பத்துடையதுதான். தட்டில் மொறுமொறுவென்று ஒரு ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆலிவ் காய், வெள்ளரிக்காய் ஊறுகாய், கணவருக்குப் புகையில் வாட்டிய இறைச்சித் துண்டுகள். குயின்ஸ் என்ற பழத்தைக் காய்ச்சிச் செவ்வகமாக வெட்டிய ஒன்றும் இருந்தது. பார்வைக்கும் பல்லுக்கும் அது அசல் அல்வா. அவர் ஒவ்வொரு வைனையும் ஊற்றும்போது, இதில் எலுமிச்சைத் தோல் தெரியும், இதில் மிளகு தெரியும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கணவர் கிளாஸைச் சுழற்றி, கண்ணை மூடி, "ம்ம்ம்" என்றார்.

"அண்ணா, கல்யாணக் கச்சேரியில தலையாட்டுற மாதிரியே ஆட்டுற. மிளகு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. ரசம் வைக்கலாம்போல இருக்கு" என்றார் அவர்.

என் முறை வந்தது. சிவப்பு வைன், ஷிராஸ் என்ற வகை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்நிய இடத்துத் தம்ளர் என்றால் எங்கள் வீட்டில் யாரும் வாய் வைத்துக் குடிக்க மாட்டோம். யோசிக்கவே இல்லை, கை தானாகக் கிளாஸை உயரே தூக்கியது, தலை தானாக அண்ணாந்தது. அந்தக் கிளாஸோ வாய்ப்பக்கம் குறுகி உள்ளே வளைந்திருக்கும். வைன் நேராக இறங்காமல் ஒரு வளைவு எடுத்து, பாதி மூக்கிலும் மீதி என் சந்தன நிறக் குர்தாவிலும் விழுந்தது.

இருமலில் கண்ணெல்லாம் தண்ணீர். நாத்தனார் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். அந்தப் பெண்மணி மட்டும் சிரிக்காமல் ஓடிப்போய்ச் சோடாத் தண்ணீரும் துணியும் கொண்டுவந்தார். என் குர்தாவைத் துடைத்து முடித்த பிறகுதான் சிரித்தார். இத்தனை வருடத்தில் இப்படிக் குடித்து யாரையும் பார்த்ததில்லையாம். கிளாஸின் விளிம்பு உள்ளே வளைந்திருப்பதே வாசனையைக் கூட்டி மூக்கில் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான், நீங்கள் மூக்கை விட்டு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் தூக்கிவிட்டீர்களே என்றார்.

"எங்கே வைத்துக் குடித்தாலும் ஒன்றுதான். எனக்கு மூக்கு செத்துப்போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அலுப்பில் சொன்னதுதான். பரிதாபம் எதையும் எதிர்பார்க்கவில்லை.

அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "எனக்கும் போயிருந்தது" என்றார்.

மற்ற வாடிக்கையாளர்களை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வைன் செய்கிறவர்களுக்கு மூக்குதான் எல்லாம். அது போனதை அவர் முதலில் யாரிடமும் சொல்லவில்லையாம். இதே மேசைக்குப் பின்னால் மாதக்கணக்கில் நின்று, மிளகு தெரியும், எலுமிச்சைத் தோல் தெரியும் என்று, தனக்குத் துளியும் தெரியாத வாசனைகளை ஞாபகத்திலிருந்து எடுத்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாராம். ராத்திரி படுத்தால், நாளைக்கு யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயமாம்.

நானும் அப்படித்தானே சமைத்துக்கொண்டிருந்தேன்? அளவை நம்பி, ஞாபகத்தை நம்பி, தட்டில் போட்டுவிட்டுக் கணவரின் முகத்தைப் பார்த்தபடி. முதல் தடவையாக ஒருவர் நான் இருந்த அதே இருட்டுக்குள் இருந்து பேசுவது போல இருந்தது. கேஸ் கசிந்தது, ப்ளான்ட் வேலை, செப்டம்பர், எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். கணவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பர் துபாயை விடுவது எனக்கு எவ்வளவு வலிக்கிறது என்பதை அவரிடம்கூட நான் அப்படிச் சொன்னதில்லை.

அந்தப் பெண்மணி என்னைப் பின்பக்கத்துக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். பெரிய தொட்டியில் நசுக்கிய திராட்சை நுரைத்துக்கொண்டிருந்தது. என் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை, கொஞ்சமாக மூச்சை இழுங்கள் என்றார். மூக்குக்குள் ஊசி குத்தியது போல இருந்தது. சட்டென்று பின்வாங்கினேன்.

"வாசனை இல்லை. குத்துகிறது."

"எனக்கும் முதலில் குத்தல்தான் தெரிந்தது" என்றார். அது நல்ல செய்தியா என்று தனக்குத் தெரியாது, தான் டாக்டர் இல்லை, ஆனால் அன்றைக்கு அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்ததாகச் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

டாக்டர் என்னிடம் சொன்னதைத்தான் அவரும் செய்திருக்கிறார். தினமும் காலையில் சில பொருட்களை முகர்ந்திருக்கிறார். ஆனால் முகர்வதற்கு முன், அந்தப் பொருளோடு சேர்ந்த ஒரு நாளை நினைத்துக்கொள்வாராம். யார் இருந்தார்கள், என்ன பேசினார்கள், வெயிலா, மழையா என்று எல்லாம் கண்முன் வந்த பிறகுதான் மூச்சை இழுப்பாராம். பொருட்கள் உங்கள் வீட்டுப் பொருட்களாக இருக்கட்டும் என்றார். எத்தனை நாளில் வரும் என்று கேட்டேன். அதை மட்டும் எண்ணாதீர்கள் என்றார். எண்ணுகிறவள் நான் என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ!

கிளம்பும்போது, நான் வைனைக் கொட்டிக்கொண்ட அதே கிளாஸைக் கழுவி, காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார். பொருளை இதில் போட்டு முகருங்கள், வளைந்த விளிம்பு வாசனையைச் சிந்தாமல் வைத்திருக்கும் என்றார். முதலில் எது திரும்பி வருகிறதோ அதைத் தனக்கு எழுத வேண்டும், நாற்றமாக இருந்தாலும் சரி என்று ஒரு நிபந்தனையும் போட்டார். அவருக்கு முதலில் திரும்பி வந்தது, மழையில் நனைந்துவிட்டு வந்த அவர் நாயின் நாற்றமாம். நாயைக் கட்டிக்கொண்டு அழுதாராம்.

துபாய் திரும்பியதும் ஆரம்பித்தேன். கிளாஸில் ஒரு காலை கிராம்பு, ஒரு காலை எலுமிச்சைத் தோல், மீனா பஜார் பக்கம் வாங்கிய ஒரு முழம் மல்லிகை, ஒரு கட்டிப் பெருங்காயம். கிராம்பு என்றால், பரீட்சை நேரத்துப் பல்வலியில் கன்னம் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்த நான். மல்லிகை என்றால், மகளின் முதல் நாட்டிய மேடை. வீட்டுக்கு வந்த சிநேகிதி பால் சொம்புக்குப் பக்கத்தில் வைன் கிளாஸைப் பார்த்துவிட்டு, "என்னடி இது, அவரு வார நாள்ல ஊர்ல இல்லாத தைரியமா?" என்றாள். உள்ளே கிராம்பு கிடப்பதைக் காட்டினேன். அவள் இன்னும் குழம்பிப் போனாள்.

மே, ஜூன், ஜூலை. ஒன்றும் இல்லை. வார இறுதியில் கணவர் கிளாஸைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். ருவைஸில் வீடு பார்த்து வைத்திருந்தார்.

ஆகஸ்டில் ஒரு காலை. ஆபீஸுக்குக் கிளம்பி லிஃப்டுக்குள் நுழைந்தேன். எங்கள் கட்டடத்தில் அத்தர் கடைக்காரர் ஒருவர் குடியிருக்கிறார். அகில்கட்டையிலிருந்து எடுக்கும் அரபு அத்தரைப் பூசிக்கொண்டு அவர் இறங்கிப் போனால் லிஃப்டில் அன்று முழுக்க அதுதான். முன்பெல்லாம் தலைவலிக்கிறது என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். அன்று கதவு மூடியது. எங்கோ தூரத்தில், பழைய மரப்பெட்டியைத் திறந்தது போல, ஒன்று.

கீழ்த்தளம் வந்தது. நான் இறங்கவில்லை. மறுபடி மேலே போனேன், மறுபடி கீழே வந்தேன். அத்தர்தான். சந்தேகமே இல்லை. வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, "க்யா ஹுவா, மேடம்? லிஃப்ட் கராப்?" என்று, லிஃப்ட் கெட்டுவிட்டதோ என்ற கவலையில் கேட்டார். இல்லை பாய், நன்றாக இருக்கிறது என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். பாவம், அவர் பயந்துபோய் நாற்காலி எடுத்துவந்தார்.

டூட்டி நேரத்தில் கணவரின் ஃபோன் லாக்கரில் இருக்கும். சாப்பாட்டு இடைவேளையில் அவரே கூப்பிட்டார்.

"ஏங்க, நம்ம லிஃப்ட் நாறுதுங்க!"

"நாறுதா? வாட்ச்மேன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? இதுக்கா இத்தனை மிஸ்டு கால்…" என்றவர் நிறுத்தினார். பிறகு மெல்ல, "யாரு சொன்னா நாறுதுன்னு?" என்றார்.

"யாரும் சொல்லலங்க."

அந்த வெள்ளிக்கிழமை அவர் வந்ததும், பையைக்கூட இறக்காமல், என்னிடம் சொல்லாமல், அடுப்பைப் பற்றவைக்காமல் கேஸை மட்டும் ஒரு நொடி திறந்து மூடினார். நான் கூடத்திலிருந்து, "கேஸு!" என்று கத்தினேன். செப்டம்பரில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தோம். சுவரில் இருக்கும் கருவியை மட்டும் எடுக்கமாட்டேன் என்றுவிட்டார். அதுவும் சரிதான்.

பரோசாவுக்கு எழுதினேன். "நனைந்த நாயை விட அத்தர் எவ்வளவோ மேல், நீங்கள் அதிர்ஷ்டசாலி" என்று பதில் வந்தது.

எல்லாம் திரும்பிவிடவில்லை. காபி இன்னும் கருகின ரப்பர் போலத்தான் இருக்கிறது. கிளாஸில் இப்போது காபிக்கொட்டை கிடக்கிறது. இருந்தாலும் காலையில் லிஃப்ட் கதவு திறந்து அந்த அத்தர் முகத்தில் அடிக்கும்போதெல்லாம், தன் பயத்தை ஒளிக்காமல் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொன்ன அந்தப் பெண்மணிக்கு நன்றி சொல்லிவிட்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டுதான் உள்ளே போகிறேன்.