அம்மா பாடிக் கேட்ட தண்ணீர்

அம்மாவுக்குப் பேச்சு போன மழைக்காலத்தில், மணக்காட்டில் எங்கள் வீடு தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் இருந்தது. தெருவின் சத்தமெல்லாம் எங்கோ மேலே மிதந்து போகும். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டி வந்திருந்தோம். மூளையில் ரத்தம் கட்டியதில் வலது கை தளர்ந்து, சொற்களும் போய்விட்டன. நாங்கள் பேசுவது அவளுக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறப்பாள். "அது... அது..." என்பதற்கு மேல் எதுவும் வராது. கண் நிறைந்துவிடும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அம்மா பாறசாலைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். அவளுடைய அப்பாதான் அங்கே சபையில் பாட்டு நடத்துபவர். மாட்டுக்குப் புல் போடும்போதும் கீர்த்தனை பாடுகிற வீடு அது. என் அப்பா, சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசி மொத்தக்கடையில் வேலை பார்த்தவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே இறங்க மாட்டார். கடைக்குப் போகும் வழியில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போவார். இவர்கள் இருவரும் ஆசைப்பட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். முகம் திருப்பிக்கொண்டிருந்த இரு வீட்டாரும் நான் பிறந்த பிறகு ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். நான் அம்மாவோடு சர்ச்சுக்குப் போய் வளர்ந்தேன். சாயங்காலம் நானும் அம்மாவும் ஜெபத்துக்கு உட்காரும்போது அப்பா கிணற்றடிக்குப் போய் வாழைகளுக்குத் தண்ணீர் விடுவார். பாட்டு முடியும்வரை வாளிச் சத்தமே கேட்காது. அவ்வளவு மெதுவாக ஊற்றுவார்.

வேலைக்குப் போன பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகள் மெல்ல நழுவின. கோபம் ஒன்றும் இல்லை, மறுப்பும் இல்லை. தூக்கம் வந்த கணம் யாருக்கும் தெரியாதல்லவா? நான் ஜெபிப்பதை நிறுத்தியதும் அப்படித்தான் எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஒரு மத்தியானம் அம்மாவைக் குளிப்பாட்டி, கட்டிலில் சாய்த்து உட்கார வைத்துத் தலை சீவிக்கொண்டிருந்தேன். வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. ஈரக் கூந்தலில் சீப்பு போய்வரும் தாளத்துக்கு என் வாய் தானாக எதையோ முனகத் தொடங்கியது. பழைய சாயங்காலப் பாட்டு. இரண்டாம் வரியில் சொல் மறந்து நின்றுவிட்டேன்.

நான் விட்ட இடத்திலிருந்து அம்மா பாடினாள்.

ஒரு சொல்லும் உடையாமல், வரி முழுவதும் பாடினாள். சீப்பு என் கையில் அப்படியே நின்றது. "அம்மா!" என்றேன். அவளும் திகைத்துப்போய் ஏதோ சொல்ல வந்தாள். "அது... அது..." அவ்வளவுதான்.

அப்பா அடுக்களையிலிருந்து மாவுக் கையோடு வந்தார். "ஆரு மக்ளே பாடினது?"

"அம்மாதான்."

"போ, சும்மா பறையாத."

நான் முதல் வரியை மறுபடி எடுத்தேன். அம்மா சேர்ந்து பாடினாள். அப்பா மாவுக் கையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பேச்சுப் பயிற்சிக்குப் போனபோது அங்கிருந்த மலையாளிப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். பேச்சு அடைத்துக்கொண்டவர்களில் சிலருக்குப் பாட்டின் வழி திறந்தே இருக்கும் என்றாள். அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த ராகத்தில், தேவையான சொற்களைப் போட்டுப் பழக்கச் சொன்னாள். முதலில் தண்ணீரில் தொடங்கினோம். எங்கள் வீட்டில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் சொல்வோம். அந்தச் சாயங்காலப் பாட்டின் ராகத்தில் நான் திரும்பத் திரும்பப் பாடிக் காட்டினேன். பல நாள் அம்மா வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு காலையில் அறையிலிருந்து நடுங்குகிற குரல் கேட்டது. "வெள்ளம்... தா..." ஒரு செம்பு தண்ணீருக்கு அவ்வளவு இழைந்த ராகம். நானும் அப்பாவும் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு ஓடினோம்.

ஆனால் நான் ஆபீசுக்குப் போய்விட்டால் பகல் முழுக்க அவளோடு இருப்பவர் அப்பா. அவருக்கு எங்கள் பாட்டு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் நான் கிளம்பும் நேரத்தில் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"மக்ளே, எனக்கும் அந்தப் பாட்டச் சொல்லித் தா."

"அப்பா, அது ஜெபப் பாட்டு."

"அது தெரியும். நான் உங்கம்மகிட்ட பேசண்டாமா?"

அப்பாவின் குரல் சுருதியில் நிற்காது. ஏற வேண்டிய இடத்தில் இறங்குவார். அம்மா இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டி நிறுத்தி, முதலிலிருந்து பாட வைப்பாள். அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தலையாட்டிவிட்டு மறுபடி தொடங்குவார். ஒரு சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது வாசல் கேட்டிலேயே பாட்டு கேட்டது. "சோறு குழஞ்சு போச்சே" என்று அம்மா நீட்டிப் பாடினாள். "நாளைக்கி நல்லா வைப்பேன்" என்று அப்பா அதே ராகத்தில் பதில் பாடினார். குடையை மடக்கவும் மறந்து மழையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தச் சண்டையையும் வேறு யாரோ நின்று கேட்கிறார்கள் என்று ஏனோ அப்போது தோன்றியது.

எங்கள் சபைப் போதகர் அம்மாவைப் பார்க்க வந்தார். அவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். நெற்றி நிறையத் திருநீறோடு அப்பா கீர்த்தனை பாடுவதைக் கேட்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணாச்சி, கர்த்தர் உங்க மனசத் தொட்டிருக்காரு. ஞானஸ்நானம் எடுக்கதப் பத்தி ஆலோசிச்சியளா?"

அப்பா கையைக் கூப்பினார். "ஐயரே, பிள்ளையார விட்டுட்டு என்னால வர ஒக்காது. ஆனா ஒரு உபகாரம் செய்யணும். இந்த ஒரு ராகத்த வச்சு இவகிட்ட சண்டைதான் போட முடியுது. சந்தோஷமா நாலு வார்த்த பேச வேற ஒண்ணு சொல்லித் தரணும்."

ஐயர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கொண்டுவைத்த சாயா ஆறி ஆடை படியும்வரை ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். அம்மா கோணின வாயோடு சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு சாயங்காலம் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். அப்படி ஒரு நாள் ராகத்தோடு அம்மாவிடம் கேட்டேன். சாமிமேல் அவளுக்குக் கோபம் உண்டா என்று. அவள் விளக்கைப் பார்த்தபடி சொல் சொல்லாக எடுத்துக் கோர்த்தாள்.

"அங்க... இருட்டாக்கும்... ஆனா ஆளு உண்டு... கூட ஆளு உண்டு..."

எங்கே என்று நான் கேட்கவில்லை. சொல்லெல்லாம் போன நாட்களில் அவள் கிடந்த இடத்தைத்தான் சொல்கிறாள் என்று புரிந்தது. அப்பா அவளுடைய தளர்ந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் கண்ணை மூடினேன். என்ன ஜெபிப்பது என்று தெரியவில்லை. ஆனாலும் திறக்கத் தோன்றாமல் அப்படியே இருந்தேன்.

இப்போது அம்மாவுக்குச் சில சொற்கள் பாட்டில்லாமலும் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் நான்தான் சர்ச்சுக்குக் கூட்டிப்போகிறேன். போன வாரம் சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு அவள் தூங்கினாள். மத்தியான வெயில் திரைச்சீலை வழியாகக் கட்டிலில் ஆடிக்கொண்டிருந்தது. தூக்கத்திலேயே முனகத் தொடங்கினாள். சொல் இல்லை, ராகம் மட்டும். நீளமாக, எங்கும் தடுக்காமல் போய்க்கொண்டிருந்தது.

"இது ஏது பாட்டு மக்ளே?" என்று அப்பா காதோரம் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. சபையில் கேட்டதில்லை, வீட்டிலும் கேட்டதில்லை. அவள் எழுந்ததும் கேட்டுப் பார்த்தோம். அவளுக்கும் தெரியவில்லை. எங்களைப் பார்த்துக் கண்ணை அகல விரித்து, "நானா?" என்றாள்.