மட்டைக்கு முதுகு காட்டி

பூச்சியம் தசம் நான்கு. மட்டையில் பந்து படும் சத்தத்துக்கும், மைதானத்தின் கடைக்கோடியில் நிற்கும் பொடியனின் முதல் அடிக்கும் இடையில் இத்தனை விநாடிதான் போகலாம் என்பது மாக்கிரட்டின் கணக்கு. கழுத்தில் அந்தோனியார் பதக்கத்தோடு ஒரே கயிற்றில் தொங்கும் ஸ்டொப்வொட்சை அழுத்துகிறார். அழுத்திய பிறகு அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. "இது நீனோவுக்கு. எனக்குச் சத்தம் காணும்."

நீனோ, இத்தாலியின் பலெர்மோ நகரத்துச் சிறிய பேஸ்பால் கழகமொன்றின் பயிற்சியாளர். ஞாயிறு பூசை முடிந்ததும் மாக்கிரட் வேலியோரம் வந்து, பந்தடிப்பவனுக்கு முதுகு காட்டி நின்றுவிடுவார். கூட்டம் முழுக்க ஒரு பக்கம் பார்க்கும், அவர் மறுபக்கம்.

"அக்கா, விளையாட்டு அந்தப் பக்கம் நடக்குது!" என்று பக்கத்தில் நிற்கும் இன்னொரு தமிழர், அகஸ்ரின், சீண்டுவார்.

"பந்தைப் பாக்க அறுபது பேர் நிக்கினம். காலைப் பாக்க ஆர் இருக்கினம்?"

நாற்பத்தொன்பது வயது. மன்னாரில் பிறந்தவர். பொலிதேயாமா நாடக அரங்கைச் சுற்றி ஒன்பது கட்டடங்களின் படிகளைக் கழுவுகிறார். பதினெட்டு வருடமாகக் குனிந்த தலை நிமிராமலே, காலடியை வைத்து ஆளைச் சொல்வார்: இது மூன்றாம் மாடிச் சட்டத்தரணி, வேலைக்குப் பிந்திவிட்டார், இது புது வாடகைக்காரி, அழுதுகொண்டு இறங்குகிறாள். மகன் பேஸ்பால் விளையாடிய காலத்தில் அந்தக் காதோடு மைதானத்துக்கு வந்தார். மகன் மட்டையை விட்டுவிட்டு மெக்கானிக் ஆனான். தாய் விடவில்லை.

பந்து வானத்தில் இருக்கும்போதே அவர் கையிலிருக்கும் கொப்பியில் தீர்ப்பு விழுந்துவிடும். பிடிப்பான் என்றால் சரி, விடுவான் என்றால் புள்ளடி. சென்ற வசந்தத்தில் நீனோ சோதித்துப் பார்த்தார். முப்பத்தொரு பந்தில் முப்பது சரி. மற்றதில் பொடியனின் சப்பாத்து கழன்றுவிட்டது. நீனோ தன் தொப்பியைக் கழற்றினார். அன்றிலிருந்து முகாம்களுக்குப் பொடியன்களைத் தேர்வது மாக்கிரட்.

இந்த ஞாயிறு, பொலோஞ்ஞாவின் இளையோர் முகாமுக்கு ஒரே ஒருவனைத் தேர வேண்டும். இத்தாலியப் பொடியன் சல்வோவா, அகஸ்ரினின் மகன் ஜெனோஜனா? இருவருக்கும் பதினாறு வயது. இருவரும் வெளிக்களத்தில் நிற்பவர்கள். மாக்கிரட் போன முறை அனுப்பிய பொடியன் மூன்றே நாளில் திரும்பி வந்தான். "உங்கள் கணக்கு இன்னொரு தரம் பிழைத்தால், சிஞ்ஞோரா, நான் வேறு ஆளைத்தான் கேட்கவேண்டும்" என்று நீனோ சொல்லியிருந்தார். ஜெனோஜனின் பெயரை எழுதினால், தன் ஆளை அனுப்புகிறார் என்ற கதையும் வரும்.

சல்வோ பாய்ந்து, உருண்டு, வாயில் புல்லோடு எழும்பி மூன்று பந்து பிடித்தான். கைதட்டல் அதிர்ந்தது. ஜெனோஜன் பிடித்த நான்கை ஒருவரும் கவனிக்கவில்லை. பந்து வரும்போது அவன் ஏற்கனவே அங்கே நின்றான், பஸ்ஸுக்கு நிற்பவனைப் போல.

"பாயிறவன் பிந்தி வெளிக்கிட்டவன்" என்றார் மாக்கிரட்.

ஆட்டம் சமநிலையில் முடியும் தறுவாய். எதிரணியில் ஒருவன் மூன்றாம் பேஸில் நின்றான். அவன் 'வீடு' என்னும் கடைசிப் பேஸைச் சேர்ந்தால் அவர்களுக்கு வெற்றி. மூவர் ஆட்டமிழக்கும்வரை அவர்களின் முறை, இழந்திருந்தது ஓர் ஆள்தான்.

டக்.

மாக்கிரட்டின் புருவம் உயர்ந்தது. கொப்பியில் சரி விழுந்தது. ஜெனோஜன் அந்தச் சத்தத்தோடேயே திரும்பி, பந்தை ஒருமுறைகூடப் பாராமல் ஓடினான். வேலிக்கு இரண்டடி முன்னால் கையை நீட்டினான். வானத்தில் யாரோ சொல்லி அனுப்பியதுபோல் பந்து அதில் வந்து இறங்கியது. அறுபது பேரும் எழும்பிவிட்டார்கள்.

அந்தச் சந்தோசத்தில் பொடியன் பந்தை மேலே எறிந்தான்.

கிரிக்கெட்டில் பிடித்தால் கதை முடிந்தது. பேஸ்பாலில் பிடித்த பிறகும் மூன்றாம் பேஸ்காரன் ஓடலாம். முதுகுக்குப் பின்னால் அவன் காலடி புறப்பட்டது மாக்கிரட்டுக்குத்தான் முதலில் கேட்டது. "எறியடா!" என்று கத்தினார். பந்து பொடியனின் கைக்குத் திரும்பும்போது ஆட்டம் போய்விட்டது.

அகஸ்ரின் தலையில் கை வைத்தார். "என்ர பிழையக்கா. சனிக்கிழமையில கிரிக்கெட் அடிக்கேக்கை நாங்கள் எல்லாரும் பிடிச்சவுடனை இப்பிடித்தான் எறியிறது."

நீனோ தொப்பியை உதைத்துக்கொண்டு வந்தார். "சல்வோதான், என்ன?"

மாக்கிரட் கொப்பியைத் திருப்பி, பந்து இறங்குமுன் போட்ட சரியைக் காட்டினார். முதலில் இத்தாலியனில் நீனோவுக்கும், பிறகு தமிழில் அகஸ்ரினுக்கும் ஒன்றையே சொன்னார்: "எறியிறதை ஒரு கிழமையில பழக்கலாம். காதைப் பழக்கேலாது."

"பிழைத்தால்?" என்றார் நீனோ.

"பிழைச்சால் நான் இந்த வேலிப் பக்கம் வரமாட்டன்."

படிவத்தில் பேனையால் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு மைதானத்தின் கடைக்கோடிக்கு நடந்தார். ஜெனோஜன் முழங்காலில் முகம் புதைத்து இருந்தான். அவர் ஏசவில்லை. புல்லில் கிடந்த பந்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடித்துவிட்டார்.

வியாழன் மாலைக் கப்பலில் ஜெனோஜன் நாப்போலிக்குப் போகிறான். அங்கிருந்து பொலோஞ்ஞாவுக்கு ரயில்.