தாஸ் தேடிய கண்ணாடி ஜாடி

கச்சிராயபாளையத்து ஆரோக்கியதாஸ் அறுபத்திரண்டு வயது வரை பொய் சொன்னதில்லை என்பார்கள். கரும்பு ஆலையில் முப்பது வருடம் சாறு சோதித்தவர். சர்க்கரை இத்தனை சதம் என்றால் அத்தனைதான். விவசாயி அழுதாலும் கூடாது, மேனேஜர் முறைத்தாலும் குறையாது. அப்பேர்ப்பட்டவர் போன அக்டோபரில் ஒரே வாரத்தில் ஏழு பொய் சொன்னார். ஏழும் ஒரே பொய்: "ஊறுகாய் போடத்தாங்க."

விஷயம் இதுதான். வருடாவருடம் கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டில் ஐந்து கிலோ பன்னீர் திராட்சையில் ஒயின் ஊறும். சர்க்கரை, ஒரு கை கோதுமை, பட்டை, கிராம்பு. இருபத்தோரு நாள் மரக்கரண்டியால் கிளறி, வடிகட்டி, தெருவுக்கு ஆளுக்கொரு சின்ன பாட்டில். அவர் சொட்டுக்கூடக் குடிக்க மாட்டார். ருசி பார்த்துச் சொல்வது மனைவி லூசியின் தம்பி லாரன்ஸ். முதல் கிளாஸ் அவனுக்குத்தான் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

இந்த வருடம் பீங்கான் ஜாடி விரிசல் விட்டுவிட்டது. அதுவும் எந்த வருடம்? மகள் ஏஞ்சலினுக்குக் கல்யாணமாகி முதல் கிறிஸ்துமஸ். சம்பந்தி பாண்டிச்சேரிக்காரர், தெருவுக்கு நாலு ஒயின் கடை உள்ள ஊர். அவரிடம் போனில் தாஸ், "நீங்க ஒண்ணும் வாங்கியாராதீங்க சம்பந்தி, எங்க வூட்டு ஒயின் இருக்குது" என்று சொல்லியாகிவிட்டது. சாறு சோதித்த வாய். சொன்னால் சொன்னதுதான்.

லாரன்ஸின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து கள்ளக்குறிச்சி முழுக்க அலைந்தார். கண்ணாடியாக இருக்க வேண்டும், கை உள்ளே போக வேண்டும், தகர மூடி கூடாது. மூன்றே நிபந்தனை. கடைக்காரர்கள் பளபளவென்று எடுத்து வைத்தார்கள். தாஸ் நகத்தால் தட்டிப் பார்ப்பார். டொக்.

"இது கண்ணாடிங்களா?"

"கண்ணாடி மாதிரிங்க."

இன்னொரு கடையில் கல்யாண வீட்டில் ஜூஸ் வைக்கும் ஜாடி இருந்தது. அசல் கண்ணாடிதான், ஆனால் அடியில் குழாய். தண்ணீர் ஊற்றியதும் கடைக்காரரின் கல்லாப்பெட்டி நனைந்தது. டீக்கடை பிஸ்கட் ஜாடியில் இரண்டு கிலோ திராட்சைக்கு மேல் கொள்ளாது. எல்லாக் கடையிலும் அதே கேள்வி, "எதுக்குங்க?" கள்ளச் சாராயம் குடித்து அத்தனை பேர் செத்த ஊரில் அந்தக் கேள்வி நியாயம்தான். ஊறுகாய் என்பார் தாஸ்.

எட்டாவது கடை எலவனாசூர்கோட்டையில், மாயவன் என்பவரின் மிட்டாய்க் கடை. மேல் தட்டில், முன்னொரு காலத்தில் கடலை மிட்டாய் இருந்த பெரிய கண்ணாடி ஜாடி, கண்ணாடி மூடியோடு. தட்டினால் கோயில் மணி மாதிரி நின்று ஒலித்தது.

"ஐப்பசி மழையில இன்னா ஊறுகாய்ங்க?" என்றார் மாயவன்.

எட்டாவது பொய் தாஸுக்கு வரவில்லை. உண்மையைச் சொன்னார். மாயவன் ஜாடியை இறக்கித் துடைத்தார். "எனக்கு ஒரு பாட்டில் குடுத்துடுங்க, போதும்."

திரும்பும் வழியெல்லாம் ஜாடியை மடியில் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தார். லாரன்ஸ் பள்ளம் பார்த்து ஓட்டினான். உள்ளறையில் ஜெப ஸ்டாண்டுக்குக் கீழே, அரிசி டிரம்முக்குப் பின்னால், அவனே நகர்த்தி வைத்தான். "இங்க வெயிலு படாது மாமா."

பத்தொன்பதாம் நாள் காலையில் போலீஸ் வந்தது. நாலு பேர், ஒரு ஜீப். சமையலறையைப் பார்க்கவில்லை, பரணைப் பார்க்கவில்லை. நேராக உள்ளறை, ஜெப ஸ்டாண்டு, அரிசி டிரம்மின் பின்பக்கம். அந்த இடம் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருவர் தாஸ். ஒருவர் கையில் தோசைக் கரண்டியோடு நின்ற லூசி. மூன்றாவது ஆள் வாசலில், கள்ளச் சாராய விழிப்புணர்வுக் குழு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சாட்சிக் கையெழுத்துப் போட நின்றுகொண்டிருந்தான்.

ஊறலை அழித்தால் போட்டோ எடுக்க வேண்டுமாம். ஜாடி படத்தில் சிறியதாகத் தெரிந்தது. அதனால் தோட்டத்தில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்த நீல டிரம்மையும் பக்கத்தில் உருட்டி வந்து கவிழ்த்தார்கள். ஜாடியை லத்தியால் ஒரே தட்டு. அது கடைசியாக ஒருமுறை மணி அடித்துவிட்டு உடைந்தது. வயசைப் பார்த்து, இனிமேல் செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் பேப்பரில் "ஊறல் அழிப்பு" என்று வந்தது. படத்தில் நீல டிரம்தான் கம்பீரமாக இருந்தது.

லாரன்ஸ் மூன்று நாள் கழித்து வந்தான்.

"மாமா, குழுவுல மாசாமாசம் ஒரு பேராவது ஸ்டேஷன்ல குடுக்கணும்ங்கறாங்க. ரெண்டு மாசமா ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்தேன், குழுவ வுட்டு எடுத்துடுவோம்னாங்க. மலை மேல காய்ச்சறவன் பேர எழுதினா நான் கரியாலூர் பக்கம் தலை காட்ட முடியுமா?"

"அதுக்கு என் பேரா?"

"நீங்கன்னா வுட்டுடுவாங்க. நீங்கன்னா கோச்சுக்கவும் மாட்டீங்க."

ஜாடி போனதைக்கூட தாஸ் பொறுத்துக்கொண்டிருப்பார். ஊரிலேயே காட்டிக்கொடுக்க வசதியான ஆள் யாரென்று ஒருத்தன் நிதானமாக யோசித்துப் பார்த்திருக்கிறான், அவர் பேரில் வந்து நின்றிருக்கிறான். அதுதான் நெஞ்சில் மாட்டிக்கொண்டது.

கிறிஸ்துமஸ் வந்தது. சம்பந்தி சொன்ன சொல் தட்டாத மனிதர், வெறுங்கையோடு வந்தார். லாரன்ஸும் வழக்கம்போல வந்து, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தான். தாஸ் கடையில் வாங்கிய திராட்சை ஜூஸை ஊற்றினார். முதல் கிளாஸ் சம்பந்திக்குப் போனது. லாரன்ஸுக்குக் கடைசியில், அதுவும் அரை கிளாஸ்.

சம்பந்தி ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸைத் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் கொண்டாராதீங்கன்னீங்களே சம்பந்தி?"

தாஸ் நடந்ததைச் சொன்னார். சம்பந்திக்குக் கோபமே வந்துவிட்டது.

"எவன் சொல்லிக் குடுத்தான்?"

லூசி கேக்கை வெட்டுவதிலேயே கண்ணாக இருந்தாள். அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் அன்று அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. தாஸ் அவளைப் பார்த்தார். பிறகு எட்டாவது பொய்யைச் சொன்னார்.

"தெரியலீங்க."

சம்பந்தி விடவில்லை. லாரன்ஸ் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க அந்தக் குழுவுல இருக்கீங்களாமே. விசாரிங்க, அவன் யாருன்னு பார்த்துடலாம்."

லாரன்ஸ் கேக்கை மென்று விழுங்கினான். "விசாரிச்சுக்கினுதாங்க இருக்கறேன்" என்றான்.

தாஸ் எழுந்து, அவன் முன்னால் இருந்த அரை கிளாஸை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் ஊற்றினார்.